பரணில் போட்ட வேலையைக் கீழே இறக்குவது எப்படி?

எங்கள் தெரு மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது: ‘இன்று ரொக்கம், நாளை கடன்.’ சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு மறுநாள் போய், “நாளைக்குன்னு போட்டிருந்தீங்களே, கடன் குடுங்க” என்று கேட்டிருக்கிறேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பலகையைக் காட்டினார். அன்றைக்கும் அதில் ‘நாளை கடன்’ என்றுதான் இருந்தது.

அதே பலகையை எனக்குள்ளேயே நானும் மாட்டி வைத்திருந்தேன் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. ஈரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதம் பிறந்தால் 11-ஆம் தேதி ஒரு ஜிஎஸ்டி கணக்கு, 20-ஆம் தேதி இன்னொன்று. காய்ச்சலில் கிடந்தாலும் ஒன்றைக்கூடத் தவறவிட்டது கிடையாது. ஆனால் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியும் அவர் பெயரில் இருந்த அறுபது சென்ட் நிலத்துக்குப் பட்டா மாற்றவில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம், “இந்த மாசம் முடிச்சிடறேங்க்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோம்பேறி என்றால் ஜிஎஸ்டியும் நின்றிருக்க வேண்டும் அல்லவா? நிற்கவில்லை. அதனால் தள்ளிப்போடுவது சோம்பேறித்தனம் இல்லை, வேறு ஏதோ என்று தோன்றியது. அந்த வேறு ஏதோவைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நான் என்ன செய்தேன், பிறகு அக்கா மகன் குரூப் 4 பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தபோது இருவரும் சேர்ந்து என்ன செய்தோம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இதை முதல்முறையாக முயல்கிறவர்கள் வரிசை மாற்றாமல் செய்தால் நல்லது. பழகிய பிறகு உங்கள் இஷ்டம்.

1. எல்லாவற்றையும் ஒரு தாளில் இறக்குங்கள்

ஒரு முழுத்தாள், ஒரு பேனா, அரை மணி நேரம். கைபேசியில் எழுத வேண்டாம். எழுத ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் இருப்பீர்கள். ‘செய்யணும், செய்யணும்’ என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரிது, சின்னது என்று பார்க்க வேண்டாம். என் தாளில் பட்டா மாறுதலுக்குக் கீழே ‘சைக்கிள் பின் டியூப்’ இருந்தது. அதற்குக் கீழே சுகர் டெஸ்ட், பல் டாக்டர், கல்யாணத்துக்குப் போகாமல் விட்ட ஒரு நண்பனுக்கு போன் செய்வது, இந்தி கற்றுக்கொள்வது.

எழுதி முடித்ததும் முதலில் செத்த வேலைகளை அடித்துவிடுங்கள். இந்தி படித்து பிராத்மிக் எழுத வேண்டும் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டுப் பார்த்தால் பதில் இல்லை. ஒரு கோடு கிழித்தேன். தோல்வி மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அடுத்து, உண்மையிலேயே காத்திருக்க வேண்டிய வேலைகள். மழைக்காலத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்க முடியாது. தம்பி ஊரிலிருந்து வந்தால்தான் பாகப் பேச்சு. இவற்றைத் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை, தள்ளித்தான் போட வேண்டும். பக்கத்தில் ஒரு மாதத்தை மட்டும் குறித்துவிட்டு மறந்துவிடுங்கள். எல்லாவற்றையும் இன்றே செய் என்று விரட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதே இல்லை. எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

மிச்சம் இருப்பவைதான் உங்கள் வேலைகள். அதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதை? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரணமே இல்லாமல் மனசு கனக்கும்போது எது ஞாபகத்துக்கு வருகிறதோ, அதை.

2. முள் எங்கே குத்துகிறது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் வருடத்துக்கு ஒரு டைரி வாங்கி, ஜனவரி ஏழாம் தேதியோடு நிறுத்துகிறவர்கள். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

தள்ளிப்போடுவதை ஆராய்ந்த ஃபியூஷா சிரோய், டிமதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013-இல் எழுதியதன் சாரம் இது: இது நேரத்தைப் பங்கிடத் தெரியாத கோளாறு அல்ல, ஒரு வேலையை நினைத்தவுடன் உள்ளே எழும் கசப்பிலிருந்து அப்போதைக்குத் தப்பித்துக்கொள்ளும் வழி. வேலையை நகர்த்தினால் அந்த நொடியில் மனசு லேசாகிறது. அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைக்கும் வேலையை மனசு திரும்பத் திரும்பச் செய்யும்.

என் கதையில் அது எப்படி இருந்தது என்றால், பட்டா மாறுதல் என்றதும் எனக்குத் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வரவில்லை. பரண்மேல் இருந்த அப்பாவின் டிரங்குப் பெட்டிதான் வந்தது. பத்திரம், கிஸ்தி ரசீது எல்லாம் அதில்தான். பச்சை பெயின்ட் அடித்த பெட்டி. மூடியின் உள்பக்கம் நிலத்தின் சர்வே எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, சோற்றுப் பசையால் ஒட்டியிருப்பார். அந்தக் கையெழுத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் எனக்குக் குத்திய முள். மூன்று வருடமாக ‘ஆபீசுக்கு லீவு கிடைக்கல’ என்று நான் சொன்னதெல்லாம் பொய். அது பொய் என்பது எனக்கே தெரியாது.

உங்கள் வேலைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள். இதை நினைத்தால் என்ன வருகிறது? குழப்பமா, பயமா, சலிப்பா, துக்கமா, வெட்கமா? மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

குழப்பம் என்றால், ஏற்கெனவே அதைச் செய்து முடித்த ஒருவரைப் பிடியுங்கள். வாரிசு முறையில் பட்டா மாற்ற என்னென்ன வேண்டும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டார்: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று. எல்லா வாரிசுகளும் சேர்ந்து வைத்துக்கொள்வதென்றால் கூட்டுப் பட்டா. ஒருவர் பெயருக்கே வேண்டும் என்றால் மற்றவர்கள் விடுதலைப் பத்திரமோ எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவு செய்துதான் ஆக வேண்டும். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போடலாம். அவ்வளவுதான். மூன்று வருடம் மலையாகத் தெரிந்தது ஐந்து காகிதமாகச் சுருங்கியது.

சலிப்புக்கு மருந்து சுலபம். பாட்டுப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். துக்கம் என்றால் தனியாகச் செய்யாதீர்கள். நான் பெட்டியை இறக்கிய அன்று அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டேன். முதல் கால் மணி நேரம் இரண்டு பேரும் பத்திரத்தைத் தேடவில்லை. பிறகு தேடினோம்.

வெட்கம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தள்ளிப்போட்ட வேலை சும்மா கிடப்பதில்லை, வட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. நண்பன் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரு வாரத்தில் போன் செய்திருந்தால் அது சாதாரண விஷயம். ஒரு மாதம் ஆனதும் காரணம் தேவைப்பட்டது. ஒரு வருடம் ஆனதும் அவன் இருக்கும் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தேன். ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்பார்கள். ஆறியது கஞ்சியின் குற்றமா என்ன? இதற்கு நான் கண்ட ஒரே வழி, முதல் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது. எனக்கு உதவிய வாக்கியம்: “ரொம்பத் தாமதமாயிடுச்சு, தப்பு என் மேலதான். இப்ப என்ன பண்ணலாம், சொல்லு.” காரணம் சொல்ல வேண்டாம். காரணம் தேடுவதில்தான் மறுபடி ஒரு மாதம் போகும். நண்பன் கேட்டது ஒன்றுதான்: “சாப்டியா?”

ஆபீசுகளிலும் இப்படித்தான். ‘ஏன் இத்தனை வருஷம் கழிச்சு வர்றீங்க’ என்று திட்டுவார்கள் என்று பயந்துகொண்டு போனேன். ஆதார் ஜெராக்ஸ் எங்கே என்று மட்டும்தான் கேட்டார்கள்.

3. வேலைக்குப் பெயர் மாற்றுங்கள்

இனி அக்கா மகன் கதை. செல்போன் பழுது பார்க்கும் கடையில் காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை வேலை. பத்தாவது முடித்தவர்கள் எழுதும் குரூப் 4 எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேச்சு. கையில் நான்கு கைடு, டெலிகிராமில் ஏழு குழு, சுவரில் கலர் ஸ்கெட்ச் பேனாவில் போட்ட அட்டவணை. அட்டவணைப்படி காலை நாலரைக்கு எழ வேண்டும். இரவு பதினொன்றரைக்குப் படுக்கிறவன்! “திங்கக்கிழமையில இருந்து ஆரம்பிச்சர்றேன் மாமா” என்பான். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்பதை ஒருநாள் நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அவன் தாளில் ‘குரூப் 4 படிக்கணும்’ என்று எழுதியிருந்தது. இதைக் கையால் செய்ய முடியுமா? முடியாது. ‘தேங்காய் உடை’ என்றால் கை தானாக அரிவாளைத் தேடும். ‘குரூப் 4 படி’ என்றால் கை எதைத் தேடும்? ஒன்றும் கிடைக்காததால் ரிமோட்டைத் தேடும்.

அதனால் பரீட்சையைப் பிரித்துப் போட்டோம். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. தமிழுக்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அப்படியானால் வாசல் எது? தமிழ். தமிழுக்கு அடித்தளம் பள்ளிப் பாடப்புத்தகம். அதில் எது முதலில்? ஆறாம் வகுப்பு. அதில்? முதல் இயல். அதில்? ஒரு பக்கம். கடைசியில் தாளில் எழுதியது: ‘ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் எழுத்து இலக்கணம் ஒரு பக்கம் படித்து, அதிலிருந்து மூன்று கேள்வி நானே எழுத வேண்டும்.’

“இது குழந்தைங்க பாடமுங்க மாமா” என்று முகத்தைச் சுளித்தான். குறில் எத்தனை, நெடில் எத்தனை என்று கேட்டேன். குறில் ஐந்து, நெடில் ஏழு என்று சொல்ல அவனுக்கு அரை நிமிடம் ஆனது. அப்புறம் பேசவில்லை.

உங்கள் வேலைக்கும் இதையே செய்யுங்கள். பெயரில் ஒரு பொருள் இருக்க வேண்டும், கை செய்யும் ஒரு வினை இருக்க வேண்டும். ‘உடம்பைக் குறைக்கணும்’ என்பதை ‘கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை’ என்று மாற்றுங்கள். ‘சேமிக்கணும்’ என்பது ‘சம்பளம் ஏறிய அன்றே ஆயிரம் ரூபாயை ஆர்டி கணக்குக்கு மாற்று’ ஆகட்டும். எழுதியதைப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று சிரிப்பு வந்தால் அளவு சரியாக இருக்கிறது. பெருமூச்சு வந்தால் இன்னும் உடையுங்கள்.

4. எதற்கு அடுத்து, எந்த இடத்தில்

ஒரு வேலையை எப்போது, எங்கே செய்வது என்று முன்பே குறித்து வைத்தால் என்ன ஆகும்? பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். அவருடைய 1997 ஆராய்ச்சி ஒன்று எனக்குப் பிடிக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம், பண்டிகை நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், எப்போது எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்பே குறிக்கச் சொன்னார்கள். குறித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே விடுமுறை.

‘காலையில் படிப்பேன்’ போதாது. காலை என்பது ஐந்து மணியிலிருந்து பதினொன்று வரை நீளும் ரப்பர். ‘நேரம் கிடைக்கும்போது’ என்பதைச் சொல்லவே வேண்டாம். உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றைப் பிடித்து, அதன் வாலில் இதைக் கட்டுங்கள். பால்காரர் மணி, குக்கர் விசில், தண்ணீர் மோட்டார் போடுவது, குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றுவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம். அக்கா வீட்டில் காலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும். டிரம் நிரம்ப இருபது நிமிடம் ஆகும், யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த இருபது நிமிடம், பின்வாசல் படிக்கட்டு, ஆறாம் வகுப்புத் தமிழ் என்று முடிவானது. நாலரை மணி அட்டவணையை அவனே கிழித்தான்.

எழுதும் முறை இது: ‘குழாயைத் திறந்ததும், பின்வாசல் படியில் உட்கார்ந்து, நேற்று விட்ட பக்கத்தைத் திறப்பேன்.’ கவனியுங்கள், ‘படிப்பேன்’ இல்லை, ‘திறப்பேன்’. திறந்துவிட்டால் படித்துவிடுவான்.

5. மாவை முந்தின நாளே ஆட்டி வையுங்கள்

காலையில் எழுந்து, ‘இன்றைக்கு இட்லி சுட மனசு வருகிறதா’ என்று யாரும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. முந்தின நாள் ஊறப்போட்டு, சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தாகிவிட்டது. இரவெல்லாம் நாம் தூங்கும்போதே மாவு பொங்கி நிற்கிறது. காலையில் செய்ய வேண்டியது தட்டில் ஊற்றுவது மட்டும். அரிசி ஊறவைப்பதிலிருந்து காலையில்தான் தொடங்க வேண்டும் என்றால் நம் வீடுகளில் இட்லி என்ற பலகாரமே இருந்திருக்காது.

தள்ளிப்போடும் வேலைகளை நாம் அப்படித்தான் செய்கிறோம். உட்கார்ந்த பிறகு பேனா தேடி, பிறகு புத்தகம் தேடி, கண்ணாடி தேடி, கண்ணாடி கிடைக்கும்போது நேரம் போய்விடும்.

இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பட்டா விண்ணப்பத்துக்குப் போகும் முந்தின இரவு ஒரு பிளாஸ்டிக் உறையில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், என்னுடைய ஆதார், அக்காவின் ஆதார், எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் வைத்து, உறையை வண்டிச் சாவிக்குக் கீழே வைத்தேன். சாவி எடுக்க வேண்டும் என்றால் உறையைத் தொட்டாக வேண்டும். அக்கா மகன் புத்தகத்தை, அன்றைக்குப் படிக்க வேண்டிய பக்கத்தில் பென்சிலைச் செருகி, தண்ணீர் டிரம்மின் மூடிமேல் வைத்தான். முதல் வாரத்தில் ஒருநாள் நனைந்துவிட்டது. பிறகு பாலித்தீன் கவர் போட்டான்.

கைபேசி பற்றி நீட்டி முழக்க மாட்டேன். கவிழ்த்து வைப்பது, சத்தத்தை அணைப்பது எதுவும் எனக்கு வேலை செய்யவில்லை. வேறு அறையில், பீரோவுக்குள், துணிக்கு அடியில். எழுந்துபோய் எடுக்கும் அலுப்புதான் வேலி.

6. பத்து நிமிடம், அப்புறம் உங்கள் விருப்பம்

வேலையில் உட்கார்ந்ததும் உங்களோடு ஓர் ஒப்பந்தம்: பத்து நிமிடம் கழித்து எழுந்து போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இது வெறும் தந்திரமாக இருக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் எழுந்துபோகும் உரிமை உண்மையிலேயே இருக்க வேண்டும். சில நாள் நான் எழுந்து போயிருக்கிறேன். பெரும்பாலான நாள் போகவில்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரிதான், முதல் குவளை ஊற்றும்வரை நடுக்கம், அப்புறம் எழுந்து வர மனசு வராது.

நிறுத்தும்போது முடித்துவிட்டு நிறுத்தாதீர்கள் என்பது என் சொந்த அனுபவம். ஒரு பத்தியின் நடுவில், ஒரு கணக்கின் பாதியில் நிறுத்துங்கள். பக்கத்தில் ‘அடுத்து இது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். நாளைக்கு வந்து உட்காரும்போது எங்கே தொடங்குவது என்ற குழப்பம் இருக்காது.

7. ஒரு சீட்டுப் போடுங்கள்

எங்கள் தெருவில் பெண்கள் மாதச் சீட்டு நடத்துகிறார்கள். உண்டியலில் நூறு ரூபாய் தங்காத வீட்டிலிருந்து மாதம் இரண்டாயிரம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. எப்படி? இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். என் ஜிஎஸ்டி தவறாமல் நடந்ததும், பட்டா நடக்காததும் இதனால்தான். அதற்குக் கெடு இருந்தது, தவறினால் அபராதம் இருந்தது, கேட்க முதலாளி இருந்தார். இதற்குக் கெடுவும் இல்லை, கேட்கவும் அக்காவைத் தவிர யாரும் இல்லை. அக்காவை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும்.

நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் கெடுவை நாமே தள்ளி வைத்துவிடுவோம். அதனால் வெளியே ஓர் ஆள் வேண்டும். திட்டுகிறவர் வேண்டாம், பாராட்டிக்கொண்டே இருப்பவரும் வேண்டாம். கேட்கிறவர் போதும். அக்கா மகன் தினமும் தான் எழுதிய மூன்று கேள்வியைப் படம் பிடித்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று பேச்சு. இரவு பத்துக்குள் வரவில்லை என்றால் நான் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புவேன். பதிலுக்கு நான் அவனுக்கு, அன்றைக்குப் பட்டா வேலையில் என்ன நகர்ந்தது என்று ஒரு வரி. ‘ஒன்றும் இல்லை’ என்று இரண்டு நாள் தொடர்ந்து மருமகனுக்கு அனுப்பிப் பாருங்கள், மூன்றாவது நாள் கால் தானாக இ-சேவை மையத்துக்குப் போகும்.

ஒன்று மட்டும். உங்கள் குறிக்கோளை ஊர் முழுக்க அறிவிக்காதீர்கள். ஸ்டேட்டஸில் போட்டு நாற்பது பேர் வாழ்த்துச் சொன்னதும், பாஸ் ஆன மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. ஓர் ஆள் போதும்.

8. விட்டுப்போன நாளை என்ன செய்வது

விட்டுப்போகும். கடையில் சரக்கு இறங்கும், வீட்டில் விசேஷம் வரும், காய்ச்சல் வரும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் புதுப் பழக்கம் பிடிக்க முயன்ற 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். பழக்கம் தானாக ஓட ஆரம்பிக்க நடுக்கணக்காக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே இருபத்தொரு நாளில் எல்லாம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீர்கள். நேற்று ஒரு பக்கம் விட்டுப்போனால் இன்று இரண்டு பக்கம் என்று போட்டால், அதுவும் விட்டுப்போய் நாளைக்கு மூன்றாகும், நான்காவது நாள் புத்தகம் பரணுக்குப் போகும். விட்டது விட்டதுதான். இன்றைக்கு ஒரு பக்கம்.

அடுத்து, நல்ல நாள். ஆடி போகட்டும், அமாவாசை கழியட்டும், தை பிறக்கட்டும் என்று நாம் தள்ளிப்போடுவதற்குப் பஞ்சாங்கத்தைச் சாட்சிக்கு இழுக்கிறோம். பஞ்சாங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் பார்ப்போம். ஆனால் ஜெராக்ஸ் எடுக்க முகூர்த்தம் யாரும் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடும் நாளை நல்ல நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் தேடுவது, விசாரிப்பது, தூசி தட்டுவது எல்லாம் ஆடியிலும் செய்யலாம். நாங்கள் பெட்டியை இறக்கியது ஆடி மாதம், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை.

9. இந்த வழிகள் போதாத இடம்

மேலே சொன்னது எல்லாம் ஒன்றிரண்டு வேலை சிக்கிக்கொண்டவர்களுக்கு. வாரக்கணக்கில் குளிப்பது, சாப்பிடுவது, தூங்குவதுகூடத் தள்ளிப்போகிறது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அது தள்ளிப்போடும் பழக்கம் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். 14416 என்பது டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். அந்த போனைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் போடச் சொல்லுங்கள்.

சரி, பட்டா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. பத்திரத்தில் அப்பாவின் இன்ஷியல் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி. பழைய நானாக இருந்தால் அந்தக் காகிதத்தோடு இன்னொரு வருடம் ஓட்டியிருப்பேன். அன்று இரவு மருமகனுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டியிருந்ததால், என்ன திருத்த வேண்டும் என்று அங்கேயே நின்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டாவது விண்ணப்பத்தில் கூட்டுப் பட்டா வந்துவிட்டது. அவன் இப்போது எட்டாம் வகுப்புத் தமிழில் இருக்கிறான். டிரங்குப் பெட்டி திரும்பப் பரணுக்குப் போகவில்லை, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் தபால் ஆபீஸ் பாஸ்புக் ஒன்று அகப்பட்டது, அப்பா பெயரில். அதைத் தாளில் எழுதியாகிவிட்டது: ‘சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும், பாஸ்புக்கோடு தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் என்ன பாரம் என்று கேட்பது.’ பாஸ்புக் வண்டிச் சாவிக்குக் கீழே இருக்கிறது.